ஒரே பானை, ஒரே அடுப்பு: முகாம் சமையலின் அறிவியல்

மாலை ஆறு மணி. சாரணர் முகாமின் முதல் நாள். ஒரு குழுவுக்கு நான்கு பேர். கையில் இருப்பது ஒரு சிறிய எரிவாயு அடுப்பு, ஒரு பானை, கொஞ்சம் பொருள்கள். எல்லாருக்கும் நல்ல பசி. அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், நெத்திலி என எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீரை ஊற்றி, அடுப்பை முழுமையாகத் திறந்துவிட்டாயிற்று. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவர் மாற்றி ஒருவர் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள்.

இருபது நிமிடம் கழித்து என்ன ஆயிற்று? பானையின் அடி கருகிவிட்டது. மேலே இருக்கும் அரிசி கடிபடுகிறது. உருளைக்கிழங்கு கல்லாக இருக்கிறது.

"பரவாயில்லடா, மேல இருக்கிறத மட்டும் எடுத்துட்டு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி வைப்போம்" என்கிறான் ஒருவன்.

"மிச்சம் இருந்தா மூடி வைப்போம். காலையில சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கலாம்" என்கிறான் இன்னொருவன்.

அதற்குள் மழைத் துளி விழுகிறது. "அடுப்பக் கூடாரத்துக்குள்ள கொண்டு போயிடலாமா?" என்று மூன்றாமவன் கேட்கிறான்.

இந்த ஒரே மாலையில் மூன்று கேள்விகள் எழுந்துவிட்டன. சோறு ஏன் கருகியது? மிச்சச் சோற்றைக் காலையில் சாப்பிடலாமா? அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கலாமா? மூன்றுக்கும் அறிவியலில் தெளிவான பதில் உண்டு. முதல் கேள்வியில் தவறினால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும். மற்ற இரண்டில் தவறினால் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அடுத்த பள்ளி விடுமுறையில் முகாமுக்குப் போகுமுன் இவற்றைத் தெரிந்துகொள்வோம்.

தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகுமா?

பலர் நினைப்பது இதுதான்: தீ பெரிதாக எரிந்தால் சாப்பாடு சீக்கிரம் தயாராகும். தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் இது உண்மை. கொதிக்கத் தொடங்கிய பிறகு இது உண்மையல்ல.

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அதன் பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. மேலே சேரும் வெப்பம் முழுவதும் தண்ணீரை நீராவியாக மாற்றுவதற்கே செலவாகிறது. வெப்பநிலையை உயர்த்தாமல் நிலையை மட்டும் மாற்றும் இந்த வெப்பத்துக்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். ஆகவே, மெதுவாகக் கொதிக்கும் பானையில் இருக்கும் உருளைக்கிழங்கும் 'தளதள' என்று பொங்கிக் கொதிக்கும் பானையில் இருக்கும் உருளைக்கிழங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வேகும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. நம் நாட்டில் தண்ணீர் சாதாரணமாக 28 பாகையில் இருக்கும். ஒரு லிட்டரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டு போக வேண்டும் என்றால்:

4.2 × 72 = ஏறக்குறைய 300 கிலோஜூல்.

இனி அடுத்த கணக்கு. 100 பாகையில் இருக்கும் ஒரு கிலோகிராம் தண்ணீரை முழுவதுமாக நீராவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் வெறும் 100 மில்லிலிட்டர், அதாவது அரைக் கப்புக்கும் குறைவான தண்ணீர், ஆவியாகிப் பறந்தால் 226 கிலோஜூல் போய்விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் செலவிட்ட வெப்பத்தில் முக்கால் பங்கு அது! அந்த வெப்பத்தால் சோறு சிறிதும் கூடுதலாக வேகவில்லை. எரிவாயுவும் தண்ணீரும்தான் குறைந்தன.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பானை கொதித்ததும் தீயைக் குறைக்க வேண்டும். இரண்டு, மூடியை மூடியே வைத்திருக்க வேண்டும். மூடியில் படும் நீராவி குளிர்ந்து மறுபடியும் தண்ணீராகும்போது, தான் சுமந்து சென்ற உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. மேலே இருக்கும் அரிசியை வேக வைப்பது இந்த நீராவிதான். மூடியை அடிக்கடி திறந்தால் அது வெளியே ஓடிவிடும். மேற்பகுதி அரிசி வேகாமல் நின்றதற்குக் காரணம் இதுவே.

உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூடாகி, சீக்கிரம் வேகும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உப்பு கொதிநிலையை உயர்த்துவது உண்மைதான். ஆனால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் கொதிநிலை ஏறக்குறைய 0.1 பாகைதான் உயரும். எனவே உப்பை ருசிக்காகப் போடுங்கள், அவசரத்துக்காக வேண்டாம்.

அடி ஏன் பிடிக்கிறது?

தண்ணீர் இருக்கும் வரை பானைக்குள் வெப்பநிலை 100 பாகையில் நிற்கும் என்று பார்த்தோம். தண்ணீர்தான் அங்கே காவல்காரன். அடியில் இருக்கும் தண்ணீர் வற்றிவிட்டால் காவல் போய்விடுகிறது. அந்த இடத்தின் வெப்பநிலை 150, 200 பாகை என்று ஏறத் தொடங்கும். அரிசியில் உள்ள மாவுச்சத்து முதலில் பழுப்பு நிறமாகும், பிறகு கருகும்.

குழம்பு தண்ணீராக இருக்கும்போது, அடியில் சூடான நீர் மேலே போகும். மேலே இருக்கும் நீர் கீழே வரும். இதுவே வெப்பச் சலனம். கலவை கெட்டியாகும்போது இந்தச் சுழற்சி நின்றுபோகிறது. அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து வெந்து, வற்றி, தீய்ந்துபோகிறது. தண்ணீரான சூப் அவ்வளவு எளிதில் அடிபிடிப்பதில்லை. கஞ்சியும் பருப்பும் அடிபிடிக்கின்றன. வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

பானையின் உலோகத்துக்கும் இதில் பங்கு உண்டு. அலுமினியம், துருப்பிடிக்காத எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய எஃகுப் பானையை முகாம் அடுப்பில் வைத்தால், தீ நேராகப் படும் நடுப்பகுதி மட்டும் மிகச் சூடாகும். வெப்பம் ஓரங்களுக்குப் பரவ நேரம் எடுக்கும். ஆகவே முடிந்தால் அடி கனமான பானையைக் கொண்டு போங்கள். அது இல்லையென்றால் தீயை நன்றாகக் குறைத்து வையுங்கள்.

கருகிவிட்டால் என்ன செய்வது? கிளறாதீர்கள். கிளறினால் கருகிய வாசனை பானை முழுவதும் கலந்துவிடும். மேலே இருக்கும் நல்ல பகுதியை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் வைக்கலாம். முதல் மாணவன் சொன்ன யோசனை பெரும்பாலும் சரிதான். ஆனால், மாற்றாமல் அதே பானையில் தண்ணீரை ஊற்றினால் பலன் இல்லை.

நறுக்கும் அளவும் போடும் வரிசையும்

ஒரே பானையில் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து முடிய வேண்டும். அரிசிக்கு ஒரு நேரம், கேரட்டுக்கு ஒரு நேரம், கீரைக்கு ஒரு நேரம். இதைச் சமாளிக்க நம் கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கத்தி. உருளைக்கிழங்கின் வெளிப்புறம் 100 பாகை நீரில் இருந்தாலும், அதன் நடுப்பகுதிக்கு வெப்பம் மெல்ல மெல்லத்தான் நகர்ந்து செல்லும். துண்டின் பருமன் இரண்டு மடங்கானால், வெப்பம் உள்ளே சென்று சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். 4 செண்டிமீட்டர் துண்டை 2 செண்டிமீட்டராக நறுக்கினால் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். நறுக்குவதற்கு எரிவாயு செலவாவதில்லை. முகாமில் மிக மலிவான எரிபொருள் கத்திதான்!

இரண்டாவது வழி, வரிசை. வேக அதிக நேரம் எடுப்பது முதலில், சீக்கிரம் வேகுவது கடைசியில். கிழங்கும் கேரட்டும் அரிசியோடு போகலாம். கோஸ், கீரை, பட்டாணி ஆகியவை அடுப்பை அணைக்கச் சில நிமிடங்களுக்கு முன் போனால் போதும்.

பருப்பிலும் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். உடைத்த மைசூர் பருப்பு மெல்லியது; ஊற வைக்காமலே பதினைந்து, இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். கொண்டைக்கடலைக்கு இரவெல்லாம் ஊறல் வேண்டும். சிவப்புக் காராமணி போன்ற தோற்றமுள்ள பெரிய சிவப்பு ராஜ்மாவை முகாமுக்குக் கொண்டு போகவே வேண்டாம். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் இருக்கிறது. ஊற வைத்து, நன்றாகக் கொதிக்கும் நீரில் வேக வைத்தால்தான் அது அழியும். அரை வேக்காட்டில் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். வேண்டுமென்றால் டின்னில் அடைத்து விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே வெந்தது.

முதல் சமையல்: பருப்புச் சோறு

இதுவரை படித்ததை இப்போது பானைக்குள் போடுவோம். இது நான்கு பேருக்குப் போதும்.

தேவையானவை: அரிசி 2 கப், உடைத்த மைசூர் பருப்பு அரைக் கப், உருளைக்கிழங்கு 2, கேரட் 1, பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், காய்ந்த நெத்திலி ஒரு கைப்பிடி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தண்ணீர் 5 கப். கப் என்பது 250 மில்லிலிட்டர். சைவம் சாப்பிடுபவர்கள் நெத்திலியை விட்டுவிட்டு உப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பானை நான்கு லிட்டர் அளவில் இருந்தால் பொங்கி வழியாது.

1. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் 2 செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். அரிசியையும் பருப்பையும் கழுவி வையுங்கள்.

2. எண்ணெயில் கழுவிய நெத்திலி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்குங்கள். தண்ணீர் ஊற்றுமுன் இதைச் செய்வது ஏன்? எண்ணெய் 100 பாகையைத் தாண்டிச் சூடாகும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகி மணம் தருவதற்கு 140 பாகை அளவு வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் அந்த வாசனை பிறகு வராது.

3. மஞ்சள் தூள், கிழங்கு, கேரட், அரிசி, பருப்பு, உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறை நன்றாகக் கிளறுங்கள். மூடிவிட்டு முழுத் தீயில் கொதிக்க விடுங்கள்.

4. கொதித்ததும் தீயை மிகவும் குறைத்து, மூடியபடி 15 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒரே ஒரு முறை அடியோடு கிளறினால் போதும்.

5. அடுப்பை அணைத்துவிட்டுப் பானையை அடுப்பிலிருந்து இறக்குங்கள். தீயிலிருந்து விலகிய இடத்தில் வைத்து, தடித்த துண்டால் சுற்றி 10 நிமிடம் விடுங்கள். திறக்க வேண்டாம்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். அரிசி மாவுச்சத்து நீரை உறிஞ்சி மென்மையாவதற்கு 100 பாகை தேவையில்லை. ஏறக்குறைய 65 முதல் 80 பாகையிலேயே அது நடக்கிறது. துண்டால் சுற்றிய பானை பத்து நிமிடத்துக்கு அந்த அளவைவிடச் சூடாகவே இருக்கும். எரிவாயு இல்லாமலே மீதி வேலை முடிந்துவிடும்.

இந்தச் சோற்றுக்கு எவ்வளவு எரிவாயு செலவாகும்? ஐந்து கப் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 380 கிலோஜூல் தேவை. 220 கிராம் பியூட்டேன் எரிவாயு டின்னில் ஏறக்குறைய 10,000 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பானையைச் சேராமல் காற்றோடு போனாலும், ஒரு டின்னில் பல வேளை சமைக்கலாம். ஒரே வேளைக்கு டின் காலியாகிறது என்றால் காற்று அடிக்கும் இடத்தில் அடுப்பை வைத்திருக்கிறீர்கள், அல்லது மூடியை மறந்துவிட்டீர்கள்.

இரண்டாவது சமையல்: சார்டின் மக்ரோனி

இது இன்னும் எளிது. 400 கிராம் மக்ரோனி, தக்காளிச் சாற்றில் அடைத்த ஒரு பெரிய டின் சார்டின், ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் மிளகாய்த் தூள், எண்ணெய், ஐந்து கப் தண்ணீர்.

வெங்காயம், பூண்டை வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். மக்ரோனியையும் உப்பையும் மிளகாய்த் தூளையும் போட்டு, ஒட்டாமல் இருக்க முதல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பாக்கெட்டில் குறிப்பிட்ட நேரம் வரை நடுத்தரத் தீயில் வேகட்டும். இங்கே ஒரு விதிவிலக்கு: தண்ணீர் கொஞ்சம் வற்ற வேண்டும் என்பதால் மூடியைப் பாதி திறந்து வைக்கலாம். தண்ணீரை வடிக்க வேண்டாம். மக்ரோனியிலிருந்து கரைந்த மாவுச்சத்துதான் தண்ணீரைக் கெட்டியான குழம்பாக்குகிறது. கடைசியில் சார்டினைச் சாற்றோடு சேர்த்து, மூன்று நிமிடம் சூடாக்கினால் போதும்.

சார்டினுக்கு மூன்று நிமிடம் ஏன் போதும்? டின் உணவு தொழிற்சாலையில் மூடப்பட்ட பிறகு, அழுத்தமுள்ள நீராவியில் ஏறக்குறைய 120 பாகையில் சூடாக்கப்படுகிறது. மீன் டின்னுக்குள்ளேயே வெந்துவிட்டது, கிருமிகளும் அழிந்துவிட்டன. ஆகவே திறக்காத டின்னுக்குக் குளிர்ப்பெட்டி தேவையில்லை. ஆனால், உப்பிய டின்னையும் ஒழுகும் டின்னையும் திறக்காமலே தூக்கி எறியுங்கள். திறந்த டின்னைப் பாதியில் மூடி வைக்கவும் வேண்டாம்.

மலையேறினால் கொதிநிலை இறங்கும்

கேமரன் மலையில் முகாம் போட்ட உங்கள் அண்ணன், அக்காமார் "அங்கே சோறு வேகவே மாட்டேங்குது" என்று சொல்லியிருக்கலாம். அது கற்பனையல்ல. உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் உச்சியில் தண்ணீர் 96 பாகை அளவில் கொதிக்கும். கேமரன் மலையின் தானா ராத்தாவில் ஏறக்குறைய 95 பாகை. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையின் உச்சியில் 86, 87 பாகையிலேயே கொதித்துவிடும். தண்ணீர் குமிழிவிட்டுக் கொதிப்பதைப் பார்த்து, "சூடு வந்துவிட்டது" என்று நினைப்போம். ஆனால் அது கடல்மட்டத்துச் சூடு அல்ல. மலையில் தீயைக் கூட்டிப் பயனில்லை. நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். கேமரன் மலையில் சோற்றுக்கு ஐந்து நிமிடமும் கால் கப் தண்ணீரும் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

காலையில் சூடு பண்ணிச் சாப்பிடலாமா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். மிச்சச் சோற்றை மூடி வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கினால் கிருமிகள் செத்துவிடும் அல்லவா?

கிருமிகள் சாகும். ஆனால், ஆபத்து சாகாது.

மண்ணில் வாழும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் பாக்டீரியா அரிசியில் சாதாரணமாகக் காணப்படும். சூழ்நிலை கடுமையானால், இது தன்னைச் சுற்றி ஓர் உறுதியான கவசத்தைக் கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடும். சோறு கொதிக்கும் 100 பாகையிலும் இந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறியதும், "நல்ல காலம் வந்துவிட்டது" என்பதுபோல் வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்கும். ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த சோறு அவற்றுக்கு விருந்து. நம் நாட்டு இரவின் வெப்பமும் அவற்றுக்கு ஏற்றதே.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பத்து மணி நேரம். அதாவது இருபது முறை இரட்டிப்பு. ஒன்றே ஒன்றாகத் தொடங்கினாலும் காலையில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் கால்குலேட்டரில் 2-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள்.

பெருகும்போது இவற்றில் சில வகைகள் 'செரியூலைடு' என்னும் நச்சைச் சோற்றில் விட்டுவைக்கின்றன. இந்த நச்சு 121 பாகையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடாக்கினாலும் அழிவதில்லை. முகாம் அடுப்பில் பத்து நிமிடம் சூடாக்குவது அதை என்ன செய்துவிடும்? சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். சோறு கெட்ட வாடையும் அடிக்காது, பிசுபிசுப்பும் இருக்காது. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதன் வஞ்சகம்.

"பாட்டி பழைய சோறு சாப்பிடுவார்களே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது. அங்கே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, சோற்றைப் புளிப்பாக்குகின்றன. புளிப்பு பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். சும்மா மூடி வைத்த முகாம் சோற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டையும் ஒன்றென நினைக்கக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு: 5, 60. வெந்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். முகாமில் குளிர்ப்பெட்டி கிடையாது. ஆகவே அளந்து சமையுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். மிச்சத்தை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். பச்சைக் கோழி வேண்டுமென்றால் பனிக்கட்டியோடு கொண்டுவந்து முதல் வேளையிலேயே சமைக்க வேண்டும். மற்ற நாள்களுக்கு நெத்திலி, பருப்பு, டின் மீன் என்று காய்ந்ததும் அடைத்ததும் போதும்.

மழை வந்தால் அடுப்பு எங்கே போகும்?

மூன்றாவது கேள்விக்கான பதில் மிகச் சுருக்கம்: கூடாரத்துக்குள் ஒருபோதும் போகாது.

எரிவாயு முழுமையாக எரிய நிறைய ஆக்சிஜன் வேண்டும். அப்போது கார்பன் டையாக்சைடும் நீராவியும் உண்டாகும். மூடிய கூடாரத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய, எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணையும் எரிக்காது.

நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பேருந்தின் இருக்கைகளை எல்லாம் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும் பயணிகளைப்போல் அது உட்கார்ந்துவிடும். ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். நாள் முழுவதும் நடந்த களைப்பு என்று நினைத்துத் தூங்கப் போனால், எழாமலே போகலாம். கரி அடுப்புக்கும் இது பொருந்தும். அணைந்ததுபோல் தெரியும் கரியும் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். குளிர் காயக்கூட அதை உள்ளே கொண்டு போகாதீர்கள்.

கூடாரத்தில் யாருக்காவது அப்படித் தலை சுற்றினால், உடனே அவரை வெளிக் காற்றுக்குக் கொண்டு வந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள்; மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

மழைக்கு என்ன வழி? நாலாபுறமும் திறந்த, உயரமாகக் கட்டிய தார்ப்பாயின் கீழ், ஆசிரியர் காட்டும் இடத்தில் சமைக்கலாம். அதுவும் முடியவில்லையென்றால் ரொட்டியும் டின் சார்டினும் இருக்கின்றன. சார்டின் ஏற்கெனவே வெந்தது என்று பார்த்தோம் அல்லவா?

சிறிய எரிவாயு அடுப்பைப் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை. அடுப்பின் ஓரத்தில் எரிவாயு டின்னை வைக்கும் அறை இருக்கும். அந்த அறையின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்கு அகலமான பானையை வைக்காதீர்கள். பானையின் அடியில் திரும்பும் வெப்பம் டின்னைச் சூடாக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, டின் வெடிக்கலாம். காற்றைத் தடுக்க அடுப்பை முழுவதுமாகத் தகரத்தால் சுற்றி அடைப்பதும் இரண்டு அடுப்புகளை ஒட்டி வைப்பதும் அதே காரணத்தால் கூடாது.

வீட்டில் செய்து பாருங்கள்

முகாமுக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். அம்மா அல்லது அப்பா பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு பானையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, நடுத்தரத் தீயில் மூடியோடு கொதிக்க வையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பானையை நன்றாக ஆறவிட்டு, அதே அளவு தண்ணீரை அதே தீயில் மூடி இல்லாமல் கொதிக்க வையுங்கள். எத்தனை நிமிடம் வேறுபாடு? மறுநாள், 4 செண்டிமீட்டர் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றையும் 2 செண்டிமீட்டர் துண்டு ஒன்றையும் ஒரே பானையில் போட்டு, முள்கரண்டி எளிதில் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் குழுவின் முகாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை சமைப்பவருக்கு உதவும்.

அந்த மூன்று மாணவர்களின் கேள்விகளை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். கருகும் சோறு வாசனையிலேயே தன் தவறைச் சொல்லிவிடுகிறது. இரவு முழுவதும் வைத்த சோறும் கூடாரத்துக்குள் எரியும் அடுப்பும் அப்படி எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தில் மூக்கை நம்ப முடியாது. படித்ததைத்தான் நம்ப வேண்டும். உங்கள் குழுவில் யாராவது அடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தால், பெரியவராக இருந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். ஏன் என்று கேட்டால், சொல்வதற்கு இப்போது உங்களிடம் காரணம் இருக்கிறது.